பிஎச் மீட்டரைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் செய்து விற்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பிஎச் மீட்டர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஒரே போத்தல் ஊறுகாய் நேற்று 3.4 காட்டியது, இன்று 4.1 காட்டுகிறது. மீட்டரை எப்போதும் காய்ச்சி வடித்த நீரில்தான் வைக்கிறேன். எதை நம்புவது?"

பிஎச் என்பது புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம், சகோதரி. கோளாறு பெரும்பாலும் அந்தக் காய்ச்சி வடித்த நீரால் வந்ததுதான்.

மீட்டரின் நுனியில் உள்ள குமிழ், லித்தியமோ சோடியமோ சேர்த்துச் செய்த மிக மெல்லிய கண்ணாடி. ஈரத்தில் ஊறும்போது, பாலில் ஆடை படிவதுபோல, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கூழ்ப்படலம் ஒன்று உண்டாகிறது. படலத்திலுள்ள லித்தியம் அல்லது சோடியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) இடம் விட, ஊறுகாய்ச் சாற்றின் ஹைட்ரஜன் அயனிகள் அங்கே வந்து அமர்கின்றன. அவை கண்ணாடியைத் துளைத்து உள்ளே போவதில்லை. பலரும் தவறாக எண்ணும் இடம் இது. குமிழுக்குள் பிஎச் மாறாத கரைசல் அடைபட்டிருப்பதால், உள்ளுக்கும் வெளிக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கிறது. பிஎச் ஓர் அலகு மாறினால் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். பினாங்குச் சமையலறையின் 30 டிகிரியில் 60.

மெல்லிய கண்ணாடியின் இந்த இயல்பை 1906-இல் ஜெர்மானிய விஞ்ஞானி மேக்ஸ் கிரெமர் கண்டறிந்தார். ஆனால் கண்ணாடி மின்சாரத்தை எளிதில் விடாது என்பதால், நல்ல மின்பெருக்கி இல்லாமல் அதை அளப்பது பெரும்பாடாக இருந்தது. 1934-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்னால்ட் பெக்மன் அதற்கொரு கருவி செய்தார். அவர் அதைச் செய்தது கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக. உங்கள் தேவைக்கு வெகு தூரமில்லை.

குமிழின் அருகே நுண்துளை அடைப்பு ஒன்று இருக்கும். அதன் வழியே மீட்டருக்குள் உள்ள பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பின் கரைசல் மெல்லக் கசிந்தால்தான், அந்த மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க முடியும். காய்ச்சி வடித்த நீர் இந்த உப்பை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். ஊறுகாய் எண்ணெயோ துளையையும் குமிழையும் சேர்த்தே மூடிவிடும்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் நுனியை ஆட்டி எண்ணெயைப் போக்கி, நன்றாக அலசுங்கள். துணியால் தேய்க்காதீர்கள், மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு 3 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊற வையுங்கள். அதாவது 100 மில்லிலிட்டர் கரைசலில் 22 கிராம் பொட்டாசியம் குளோரைடு. மீட்டர் விற்கும் கடைகளில் சேமிப்புக் கரைசல் என்று தயாராகவும் கிடைக்கும். இனி அதுவே அதன் நிரந்தர இடம்.

மறுநாள் பிஎச் 7, 4 ஆகிய பஃபர் கரைசல்களில் (பிஎச் இவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிபாருங்கள். மில்லிவோல்ட் காட்டும் மீட்டரானால், இரண்டுக்கும் இடையே 180 அளவில் வித்தியாசம் வர வேண்டும். 160-க்கும் கீழே நின்றால் மின்வாயை (குமிழ் உள்ள பகுதியை) மாற்றுவதே நல்லது. எதில் தோய்த்தாலும் 7-ஐ ஒட்டியே காட்டினால் குமிழில் விரிசல் இருக்கக்கூடும்.

ஊறுகாயை எண்ணெய் இறுத்து அரைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததானால் அறைச் சூட்டுக்கு வந்தபின், தனிக் கிண்ணத்தில் அளவெடுங்கள். கண்ணாடி நுனியை விற்பனைப் போத்தலுக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

பிஎச் 4.6-க்கு மேல் போனால், காற்றுப் புகாத போத்தலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளர இடம் உண்டு. ஆகவே இந்த நான்கு மாதத்தில் செய்தவற்றில் கையிருப்பில் உள்ளதைக் குளிர்பெட்டியில் வைத்து, மீட்டர் சரியான பிறகு ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் ஒரு போத்தலைத் திறந்து மீண்டும் அளந்து பாருங்கள். அதுவரை விற்பனையை நிறுத்தி வையுங்கள்.