அமெரிக்க வருமான வரி கேள்வி-பதில்: பிடித்தத்துக்கு ஒரு கணக்கு, கையிலிருந்து கட்டுவதற்கு வேறு கணக்கு

கேள்வி: நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். கம்பெனி தந்த ஆர்எஸ்யு பங்குகள் பிப்ரவரியில் வெஸ்ட் ஆகி என் கைக்கு வந்தபோது 22 சதவீதம்தான் வரி பிடித்தார்கள். இப்போது, அக்டோபரில், கணக்குப் போட்டால் 2025-க்கு மொத்த வரி 68,000 டாலர் வரும்போல் இருக்கிறது. டிசம்பர் முடிய இருவர் சம்பளத்திலும் பிடிப்பது 52,000-தான். போன வருட மொத்த வரி 54,000. மீதி 16,000-ஐ இப்போதே ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் கட்டிவிட்டால் அபராதம் வராதல்லவா?
- வாசகி, டல்லாஸ்

பதில்: வரும். பெரிய தொகையாக இராது, ஆனால் வரும். அதே பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால் ஒரு டாலர்கூட வராது.

வரி வருடக் கடைசியில் மொத்தமாக அல்ல, நாலு தவணையாக உள்ளே போக வேண்டும். ஒரு தவணை குறைந்தால் அதற்கு வட்டிபோல அபராதம். நீங்களாகக் கட்டும் எஸ்டிமேட்டட் டாக்ஸ், கட்டிய தேதியில்தான் வரவு ஆகும். சம்பளப் பிடித்தம் அப்படியல்ல. வருடம் முழுக்கப் பிடித்ததைக் கூட்டி, நாலு சம பங்காகப் பிரித்து, நாலு தவணைத் தேதிகளிலும் கட்டியதாக ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்பவை அந்தத் தேதிகள். டிசம்பர் சம்பளத்தில் பிடித்த 1,500 டாலரில் 375 டாலர், ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. போன தவணைகளின் ஓட்டையைப் பின்னோக்கி அடைக்க இதைவிட எளிய வழி கிடையாது.

அடுத்தது, எவ்வளவு தேவை? முழு 16,000 தேவையில்லை. இந்த வருட வரியில் 90 சதவீதம், அல்லது போன வருட வரியில் 100 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது உள்ளே போயிருந்தால் போதும். போன வருட ஏஜிஐ (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) 150,000 டாலரைத் தாண்டியிருந்தால் அந்த 100 சதவீதம் 110 ஆகிவிடும். 54,000 வரி கட்டிய உங்களுக்கு 110-தான். 68,000-இல் 90 சதவீதம் 61,200. 54,000-இல் 110 சதவீதம் 59,400. குறைந்தது 59,400. ஏற்கெனவே 52,000 பிடிக்கப்போகிறார்கள் என்பதால் பாக்கி 7,400.

இரு வாரச் சம்பளம் இன்னும் ஐந்து இருக்கிறது என்றால், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவம் ஒன்றைப் புதிதாக நிரப்பி, 4(சி) என்ற கட்டத்தில் 1,500 என்று எழுதிக் கொடுங்கள். ஐந்து தடவைக்கு 7,500 ஆகிவிடும். மிச்சம் 8,500-ஐ ஏப்ரல் 15-க்குள் ரிட்டர்னோடு கட்டலாம். அதற்கு அபராதம் இல்லை. மாறாக, 7,400-ஐ அக்டோபர் 15-ல் நேரடியாகக் கட்டினால், தவணைக்கு 1,850 வீதம் முதல் மூன்றும் தாமதம். 2025-இன் 7 சதவீத வட்டியில் அது ஏறத்தாழ 120 டாலர்.

இதில் வழக்கமாகத் தவறுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். 4(சி)-யில் எழுதுவது ஒரு சம்பளத்துக்கான தொகை. வருடத்துக்கு என்று நினைத்து 7,500 எழுதினால் அடுத்த சம்பளம் கிட்டத்தட்ட காணாமல் போகும். புதிய படிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவர கம்பெனிக்குச் சட்டம் சுமார் 30 நாள் அவகாசம் தருகிறது. அதனால் டிசம்பர்வரை இழுக்காதீர்கள். கொடுத்த பிறகு முதல் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) திறந்து, பிடித்தம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரியில் மறக்காமல் இன்னொரு டபிள்யூ-4 கொடுத்து அந்த 1,500-ஐ எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

22 சதவீதம் என்பது போனஸ், பங்கு போன்றவற்றுக்கு 10 லட்சம் டாலர்வரை உள்ள தட்டை விகிதம். உங்கள் குடும்பம் எந்த வரி அடுக்கில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் டபிள்யூ-4-இன் 2(சி) பெட்டியையும் டிக் செய்யாமல் விட்டால், இரண்டு பக்கமும் பிடித்தம் குறைந்துபோகும்.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் உங்களுக்கு வேலை இதோடு முடிந்தது. கலிஃபோர்னியா வாசகர்கள் மாநிலக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். அங்கே நாலு தவணைகளும் சமமல்ல, 30, 40, 0, 30 சதவீதம்.

கேள்வி: நான் 1099-இல், அதாவது வரி பிடிக்காத தனி வருமானமாக, கன்சல்டிங் செய்கிறேன். மனைவிக்குச் சம்பளம். ஜனவரி 10-ல் வருடத்துக்கான எஸ்டிமேட்டட் டாக்ஸை மொத்தமாகக் கட்டினேன். 400 டாலர் ரீஃபண்ட்கூட வருகிறது. ஆனால் 1040 ரிட்டர்ன் படிவத்தின் 38-ஆம் வரிசையில் அபராதம் காட்டுகிறதே?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ரீஃபண்ட் என்பது வருடக் கடைசிக் கணக்கு. அபராதம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி. நீங்கள் கட்டியது நாலாவது தவணைக்கு நேரத்தில் வந்தது. முதல் மூன்றுக்கும் அதுவரை வட்டி ஓடியிருக்கிறது.

உங்கள் வருமானம் பெரும்பாலும் வருடக் கடைசியில் வந்திருந்தால், அபராதத்தைக் கணக்கிடும் படிவம் 2210-இன் ஷெட்யூல் ஏஐ-யை நிரப்பிப் பாருங்கள். வருமானம் வந்த காலத்தோடு தவணையைப் பொருத்துவதால் அபராதம் குறையலாம். நிரப்புவது சலிப்பான வேலைதான், ஆனால் தொகை பெரிதென்றால் செய்யத் தகும். ஐஆர்எஸ்ஸுக்கு போன் செய்து "முதல் தடவை, மன்னித்துவிடுங்கள்" என்று கேட்கும் சலுகை இந்த அபராதத்துக்குப் பொருந்தாது.

அடுத்த வருடத்துக்கு மனைவியின் டபிள்யூ-4-ஐப் பயன்படுத்துங்கள். கூட்டு ரிட்டர்னில் அவர் சம்பளத்தில் பிடித்தது உங்கள் வரிக்கும் சேர்த்துத்தான் வரவு. இன்னொன்றும் இருக்கிறது: மொத்த வரியிலிருந்து பிடித்தத்தைக் கழித்தபின் பாக்கி 1,000 டாலருக்குக் குறைவென்றால் அபராதமே கிடையாது. இந்தச் சோதனையில் பிடித்தம் மட்டும்தான் கணக்கு, எஸ்டிமேட்டட் டாக்ஸ் சேராது.

கேள்வி: இந்தியாவில் எஃப்டி வட்டிக்கு டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். அதை இங்கே பிடித்தமாகக் காட்டலாமா?
- வாசகர், அட்லாண்டா

பதில்: கூடாது. 1040-இன் 25-ஆம் வரிசையில் அமெரிக்கப் பிடித்தம் மட்டுமே வரும். இந்திய வரி, பெரும்பாலும் படிவம் 1116 வழியாக, வெளிநாட்டு வரிக் கிரெடிட்டாக வந்து வரியையே குறைக்கும். அபராதக் கணக்கு கிரெடிட் போன பிறகுள்ள வரியில்தான் தொடங்குகிறது, அதனால் அந்த வழியில் பயன் உண்டு. ஆனால் எஃப்டி வட்டியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, "அங்கேதான் பிடித்துவிட்டார்களே" என்று இருந்துவிடாதீர்கள். கிரெடிட் போக மீதம் வரி இங்கே நிற்கும்.

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன், சம்பளம் இல்லை. எனக்கும் இந்தப் பிடித்தத்தின் பலன் உண்டா?
- வாசகர், சிகாகோ

பதில்: உண்டு. ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது டபிள்யூ-4ஆர் படிவத்தில் எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்று நீங்களே எழுதலாம், எழுதாவிட்டால் 10. டிசம்பரில் எடுக்கும் தொகையிலிருந்து வருட வரி முழுவதையும் பிடிக்கச் சொன்னாலும், அது நாலு தவணையிலும் கட்டியதாகவே கணக்கு. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு டபிள்யூ-4வி படிவம். அதில் 7, 10, 12, 22 என்ற நாலு விகிதங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் நிதி நிறுவனங்களில் தாமதம் ஆகும். டிசம்பர் 31-க்குள் பணம் வெளியே வந்திருக்க வேண்டும், ஆகவே மாதத் தொடக்கத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.