பசை பட்டதும் ஃபோம் போர்டு குழிந்துவிட்டது, தூக்கிப்போடவா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பேரனுக்காக மாடி அறையில் 8-க்கு 4 அடியில் எச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் அமைக்கிறேன். ப்ளைவுட் கனம் என்பதால், மொட்டைமாடிச் சூட்டுக்குப் போடும் 50 மி.மீ. நீல ஃபோம் போர்டு வாங்கினேன். தச்சர் பசை தடவி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கார்க் ஷீட்டை ஒட்டப் போனபோது, விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. இது போலி, ப்ளைவுட்டே போடலாம் என்கிறார். என்ன செய்வது?"

தூக்கிப்போட வேண்டாம். போர்டில் குறை இல்லை, கோளாறு பசையில். தச்சர்கள் சன்மைக்கா ஒட்ட வைத்திருக்கும் பழுப்பு ரப்பர் பசையில் தின்னர் போன்ற கரைப்பான் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும் வாடை அதுதான். உங்கள் போர்டு பாலிஸ்டைரீன். அதில் நூற்றுக்குத் 97 பங்கு காற்று, மிச்சம்தான் பிளாஸ்டிக். அந்த மூன்று பங்கு கரைந்தால் வெறும் குழிதானே மிஞ்சும்? ஸ்ப்ரே பெயின்ட், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எல்லாமே இதே வேலையைச் செய்யும். எதைத் தடவுவதானாலும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தடவி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

கார்க்கையும் தண்டவாளத்தையும் ஒட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சீலன்ட் போதும். மெல்லிய பூச்சாகத் தடவினால், பிறகு தண்டவாளத்தை மாற்ற நினைக்கும்போது கத்தியை நுழைத்து முழுசாக எடுத்துவிடலாம். இறக்குமதித் தண்டவாளத்தை உடைத்துவிட்டு மறுபடி வாங்குகிற நிலையா இருக்கிறது? மாடல் ரயில் போன்ற அளவு மாதிரிகளையும் பொம்மைக் கணக்கில் சேர்த்து, 20 சதவீதமாக இருந்த சுங்கவரியை 2020-இல் 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் போடும் பாயின்ட் ஒன்று வாங்கப் போனால் அதன் வலி தெரியும்.

போர்டோடு போர்டை ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போடலாம். நடுவில் காற்றுப் புகாததால் காய நாலைந்து நாள் கூட ஆகும். கோடு கோடாகத் தடவி, மேலே செங்கல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: கடையில் வெறுமனே 'ஃபோம் போர்டு' என்றால் விளம்பரப் பலகைக்கான சன்போர்டை எடுத்து நீட்டுவார்கள். இந்த நீல போர்டின் வகைப்பெயரான 'எக்ஸ்.பி.எஸ்.' என்று கேளுங்கள். "ஹை டென்சிட்டி தெர்மாகோல் சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். ஒரு மூலையை ஒடித்துப் பாருங்கள்: ஜவ்வரிசி மாதிரி உருண்டை உதிர்ந்தால் தெர்மாகோல். ஒடித்த இடம் கேக் வெட்டியதுபோல ஒரே சீராக இருந்தால் எக்ஸ்.பி.எஸ். தடிமனையும் ஸ்கேல் வைத்து அளங்கள். 50 என்று பில் போட்டு 40-ஐக் கொடுத்த அனுபவம் எனக்கே உண்டு. உங்கள் அளவுக்கு 1250-க்கு 600 மி.மீ. போர்டு நாலே நாலு போதும். முழு பண்டலாகத்தான் தருவேன் என்று கடையில் அடம்பிடித்தால், மாடியில் வெப்பத் தடுப்பு வேலை செய்பவர்களிடம் மிச்சத் துண்டு கேளுங்கள். நாலு போர்டுக்காக ஒரு பண்டலைச் சுமக்க வைக்கும் இந்த வியாபார முறை எனக்குப் புரிந்ததே இல்லை.

ப்ளைவுட் வேண்டுமா என்றால், வேண்டாம். அதே பரப்புக்கு 12 மி.மீ. ப்ளைவுட் 20 கிலோவைத் தாண்டும், உங்கள் போர்டு 5 கிலோ. அடியில் 2-க்கு 1 அங்குல ரீப்பரால் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம் வைத்துச் சட்டம் கட்டினால் தொய்யாது. மழைக்காலத்தில் ஊறி வளையவும் வளையாது. எறும்பு மட்டும் குடைந்து குடியேறும், அதைக் கவனியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் ப்ளைவுட் வேண்டும்: ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் மோட்டார் உட்காரும் இடம். ஃபோமில் ஸ்க்ரூ நிற்காது. இன்று இறுக்கினால் நாளைக்கே கழன்று ஆடும். தவிர, அந்த மோட்டாரிலிருந்து மேலே போய்ப் பாயின்டை நகர்த்தும் ஊசி மெல்லிய பலகையை மனதில் வைத்துச் செய்தது, 50 மி.மீ.யைத் தாண்டி மேலே எட்டாது. அதனால் பாயின்டுக்கு நேர் கீழே மோட்டாரைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சதுரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். மேலே அந்த ஓட்டையை மூடுகிற மாதிரி 6 மி.மீ. ப்ளைவுட் துண்டை, போர்டின் மட்டத்துக்குப் பதித்து, அக்ரிலிக் சீலன்டால் ஒட்டுங்கள். மோட்டாரை அந்தத் துண்டின் அடியில் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். எத்தனை பாயின்டோ அத்தனை துண்டு. முழுப் பலகை வாங்கச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள்.

வயரை ஃபோமுக்குள் நேராகச் செருக வேண்டாம். வயரின் பி.வி.சி. உறையும் பாலிஸ்டைரீனும் ஒட்டிக் கிடந்தால், சில வருஷத்தில் உறை விறைத்து வெடிக்கும். இளநீர்க் கடையில் தரும் காகித உறிஞ்சுகுழலை ஓட்டையில் சொருகி, அதற்குள் வயரை விடுங்கள். சால்டரிங்கைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் துளை போட்டுவிடும்.

இப்போது விழுந்திருக்கும் குழிக்கு வருவோம். பசை வாடை முழுதும் போக ஒரு நாள் விடுங்கள். ஸ்னாப் கத்தியின் பிளேடை நீளமாக வெளியே தள்ளி, கரைந்த பகுதியைச் சதுரமாக வெட்டி எடுங்கள். அதே அளவு துண்டை ஃபெவிகாலில் வைத்து அடைத்து, விளிம்பில் தண்ணீரில் குழைத்த வால் புட்டியை இழுத்துவிடுங்கள். காய்ந்ததும் அதன் மேலேயே கார்க்கை ஒட்டலாம்.