ராமானுஜனுக்குக் கடைசி மார்க்கா?

கேள்வி: லண்டன்ல ஏதோ ஆராய்ச்சி பண்ணி, கணித சமன்பாட்டுலயே ஆய்லர்ங்கிற கணித மேதையோடதுதான் ரொம்ப அழகு, நம்ம ராமானுஜனோடதுதான் ரொம்ப அசிங்கம்னு சொல்லிட்டாங்களாமே, வெள்ளைக்காரன் பொறாமைதானே இது? கும்பகோணத்துல உக்காந்துகிட்டு பத்திரிகை நடத்துற நீங்க சும்மா இருக்கலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: தாராளமா சும்மா இருக்கலாம் சார். 2014ல வந்த ஆராய்ச்சி அது, 15 கணிதக்காரங்ககிட்ட 60 சமன்பாட்டைக் கொடுத்து மார்க் போடச் சொல்லி, அப்புறம் ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு மூளையைப் பாத்தாங்க, நல்ல சங்கீதம் கேக்கும்போது வேலை செய்யிற அதே இடம் அழகான சமன்பாட்டுக்கும் வேலை செஞ்சுது, அதுதான் விஷயமே. நீங்க வாட்ஸப்ல வந்த கடைசி வரியை மட்டும் புடிச்சுக்கிட்டு சண்டைக்கு வரீங்க. பொறாமைங்கிறீங்களே, அந்த ஃபார்முலாவை 1914ல அச்சுல போட்டதே இங்கிலாந்து பத்திரிகைதான்.

அது π (பை), அதாவது வட்டத்தோட சுற்றளவை விட்டத்தால வகுத்தா வர்ற எண், அதைக் கணக்கு போடுற தொடர், ஒவ்வொரு உறுப்பாக் கூட்டிக்கிட்டே போகணும். மூஞ்சியைப் பாத்தா நானும் கம்மியாத்தான் மார்க் போடுவேன், 1103, 26390, 396, 9801, நடுவுல √2ன்னு ஒரே கூட்டம். ஆனா 9801ங்கிறது 99ஐ 99ஆல பெருக்கினது, 396ங்கிறது நாலு 99, அப்ப இது வாய்க்கு வந்த நம்பர் இல்லன்னு லேசா உறைக்குதுல்ல? கால்குலேட்டரை எடுத்து 9801ஐ 2206ஆல வகுத்து, வந்ததை √2ஆல வகுங்க, 3.1415927ன்னு வரும். இது முதல் உறுப்பு மட்டும்தான், அதுக்கப்புறம் ஒவ்வொரு உறுப்புக்கும் சுமாரா எட்டு இலக்கம் கூடிக்கிட்டே போகும். 1985ல இதை வச்சே கம்ப்யூட்டர்ல 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல இலக்கம் போட்டாங்க. ஏன் சரியா வருதுங்கிறதுக்கு முழு நிரூபணம் 1980கள்லதான் வந்துச்சு. ஏன்னு தெரியாம ஒரு சமன்பாட்டை அழகுன்னு சொல்றதும் சரி, அசிங்கம்னு சொல்றதும் சரி, சும்மா போட்டோவைப் பாத்து சொல்றதுதான்.

(சாரங்கபாணி சன்னதித் தெருவுல அவர் வீட்டு வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அவரோட ஒரு சமன்பாடாவது தெரியும்னு நான் கேட்டா என்னைத்தான் திட்டுவீங்க.)

எனக்குப் புடிச்சது வேற. 1911ல இந்தியக் கணிதச் சங்கத்தோட பத்திரிகையில, இந்தப் பக்கம் மாதிரியே ஒரு கேள்விப் பகுதியில, அவர் ஒண்ணு கேட்டார். 1, கூட்டல் 2 தடவை ஒரு வர்க்கமூலம், அதுக்குள்ள 1, கூட்டல் 3 தடவை இன்னொரு வர்க்கமூலம், அதுக்குள்ள 1, கூட்டல் 4 தடவைன்னு முடிவே இல்லாம போகுது, மொத்தத்துக்கும் வர்க்கமூலம் எடுத்தா என்ன வரும்? வாசகர்கள் யாரும் விடை அனுப்பல, கடைசியில அவரே போட்டார், வெறும் 3. எப்படின்னா 3ங்கிறது √9, அந்த 9 வந்து 1 + 2×4. இந்த 4ங்கிறது √16, அது 1 + 3×5. இந்த 5ங்கிறது √25, அது 1 + 4×6. இப்படியே இறங்கிக்கிட்டே போகலாம், பத்தாங்கிளாஸ் புள்ளைக்கே பளிச்சுனு புரியும், இதுக்கு ஸ்கேன் மெஷினெல்லாம் தேவையில்ல.

அதே கேள்வியில ரெண்டாம் பகுதி ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு மூலத்துக்குள்ளயும் 1க்குப் பதிலா வரிசையா 6, 7, 8, 9ன்னு வரும், பெருக்குறது அதே 2, 3, 4தான், விடை 4. ஏன்னு ஒரு போஸ்ட்கார்டுல எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.