கேமராவும் பிளாஸ்டிக் பூவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கிராமத்துச் சபையின் செயலர். கொரோனாவுக்கு முன்பு ஞாயிறு ஆராதனைக்கு நூற்றிருபது பேர் வருவார்கள். இப்போது ஐம்பது வந்தால் பெரிது. சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு நகரத்துக்குப் போய்விட்டார்கள், அதை விடுங்கள். மிச்சப் பேர் ஊரில்தான் இருக்கிறார்கள், வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கிறார்கள். அதுவும் எங்கள் ஆராதனையைக்கூட இல்லை, பெரிய சபைகளின் ஒளிபரப்பை. கமிட்டியில் இரண்டு கட்சி. நம் நேரலையை நிறுத்தினால் தானாக எழுந்து வருவார்கள் என்பது ஒன்று, நானும் அதில்தான் இருக்கிறேன். நிறுத்தினால் உள்ளதும் போகும் என்கிறார் போதகர். திருவிருந்தில் திராட்சரசம் குடிக்கப் பொதுப் பாத்திரமா, ஆளுக்கொரு தனிக் கிண்ணமா என்ற சண்டையும் ஓயவில்லை.

நல்லதும் சில நடந்திருக்கிறது. பல வேலைகள் எளிதாகிவிட்டன. வாராவாரம் பீடத்துக்குப் பூ தேடும் தொல்லை இல்லை, 2020-இல் வாங்கிய பிளாஸ்டிக் பூவே இருக்கிறது. மணி சுவிட்சில் அடிக்கிறது. பாடகர் குழு இல்லாததால் பதிவு செய்த பாட்டைப் போடுகிறோம். காணிக்கை போன் வழியாகவே வந்துவிடுகிறது, குறையவில்லை. ஆள்தான் இல்லை. மக்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றே படுகிறது. நீங்கள் சபைக்குள் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

(பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து வயலுக்கோ வேலைக்கோ போகிறவர்கள்தான் எட்டு மணிக்கு ஆலயத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு எழுந்திருக்கத் தெரியும்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. குறைகளைச் சொல்லும் பத்தி இருக்கிறதே, அதைவிட நல்லதைச் சொல்லும் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. பூ வைக்கிறவர் ஒருவர் இருந்திருப்பார். மணிக்கயிற்றை இழுக்கிறவர் ஒருவர். பாடகர் குழுவில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவர்கள் நாலு பேர், அதை எண்ணி நோட்டில் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். இந்தக் கணக்கிலேயே பதினெட்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. அவர்கள் வந்தால் கூடவே வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வருவார்கள். அத்தனை பேருடைய வேலையையும் ஒரு சுவிட்ச், ஒரு பென் டிரைவ், ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பூவிடம் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் அவர்கள் எதற்கு வர வேண்டும்? பார்ப்பதற்கா? பார்ப்பதற்குத்தான் போன் இருக்கிறதே, அதில் நன்றாகப் பாடுகிறவர்களின் சபை வேறு தெரிகிறது.

எங்கள் ஊர் ஆலயத்தில் கோயில்பிள்ளையாக, அதாவது ஆலயத்தைத் திறந்து பூட்டிக் கவனிக்கிறவராக, இருந்தவர் பிரசங்கத்தின்போது எப்போதும் வெளியே படியில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு பிரசங்கத்தையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சாவி அவர் இடுப்பில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அன்று இதையெல்லாம் நிறுத்தியது தப்பில்லை. குறிப்பாகப் பாட்டை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று ஒரு தேவாலய மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். கைகுலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, கிருமிநாசினிகூட வைத்திருந்தார்கள். ஆனாலும் 53 பேருக்கு நோய், அதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி பரவிய பிறகு, மூடிய அறைக்குள் வாய்விட்டுப் பாடுவதுதான் மனிதர்கள் செய்யும் காரியங்களிலேயே ஆபத்தானது என்பதுபோல் ஆகிவிட்டது. ஜெர்மனியில் பல இடங்களில் ஆலயம் திறந்த பிறகும் சபையாகச் சேர்ந்து பாட அனுமதியில்லை. உங்கள் ஊரில் நிறுத்தியது சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை 2023 மே 5 அன்றே முடித்துவிட்டது. அன்றைக்கு உங்கள் சபையில் யாராவது அந்தப் பத்துப் பேர் வீட்டுக்குப் போய், வாங்க, வெள்ளிக்கிழமை ஒத்திகை என்று கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நிறுத்துவதற்குச் சுற்றறிக்கை வந்தது. திரும்பத் தொடங்குவதற்கு ஒன்றும் வரவில்லை.

மூன்று வாரம் வராத ஒருவருடைய கதவை நாலாம் வாரமும் யாரும் தட்டவில்லை என்றால், தான் இல்லாமலே அங்கே எல்லாம் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பு இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கும், சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லை. கொரோனா எல்லோரையும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார வைத்துச் சோதித்துக் காட்டிவிட்டது. கசப்பாக இருக்கிறது என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓபராமர்காவ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஐயாயிரம் பேர் வசிக்கும் மலைக் கிராமம். 1633-இல் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்தபோது, எங்களைக் காப்பாற்றினால் கிறிஸ்துவின் பாடுகளைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை நாடகமாக நடிப்போம் என்று ஆலயத்தில் பொருத்தனை பண்ணினார்கள். 1634-இல் முதல் முறை நடித்தார்கள், இன்றுவரை நடக்கிறது. 2020-இல் அடுத்தது. நடிகர்கள் 2019-ஆம் வருடச் சாம்பல் புதன் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) முதல் தலைமுடியும் தாடியும் வெட்டாமல் வளர்த்திருந்தார்கள், அது அங்கே விதி. 2020 மார்ச்சில் கொரோனா என்று நாடகம் நின்றுபோனது. நோய் தீர்ந்ததற்கு நன்றியாக வந்த நாடகத்தை ஒரு நோயே நிறுத்தியது. எல்லோரும் முடி வெட்டிக்கொண்டார்கள். அப்புறம் 2021-இல் மறுபடி முதலிலிருந்து வளர்த்து, 2022-இல் நடித்து முடித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகும் 1920-இல் முடியாமல் 1922-க்குத்தான் போனார்கள், ஆக இது அவர்களுக்குப் புதிதில்லை.

அந்த மேடையில் ஏற அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் ஏதோ ஒரு விதத்தில் நாடகத்தில் இருக்கிறார்கள். வெளியே இருந்து நல்ல நடிகர்களைக் கூட்டிவந்தால் வேலை எளிதாக முடியும், இன்னும் பிரமாதமாகக்கூட இருக்கும். அதைச் செய்வதில்லை. இரண்டு வருடத் தடைக்குப் பிறகும் ஊர் திரும்ப வந்ததென்றால் பக்தி மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் தாடி வளர்க்க வேண்டியிருந்தது!

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நேரலையை நிறுத்த வேண்டாம். போதகர் சொல்வதுதான் சரி, ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. படுக்கையில் இருக்கிறவர்கள், முழங்கால் போனவர்கள், பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் உங்கள் ஊரில் முன்பும் இருந்தார்கள், வாரம் ஒருமுறை ஆலயத்தை எட்டிப்பார்க்க அவர்களுக்கு வழியே இல்லாமல் இருந்தது. கொரோனா கொடுத்த ஒரே நல்ல காரியம் அந்தக் கேமரா. ஓடி வரக்கூடிய நாற்பது பேரைத் தண்டிப்பதற்காக, வர முடியாத எட்டுப் பேரின் ஜன்னலை மூடாதீர்கள். வேண்டுமானால் கேமராவைப் பிரசங்கபீடத்திலிருந்து கொஞ்சம் திருப்பி, பெஞ்சுகளும் தெரிகிற மாதிரி வையுங்கள். வீட்டில் படுத்திருக்கிற பாட்டிக்குப் போதகரின் முகத்தைவிடத் தன் பக்கத்து வீட்டுக்காரி இன்று என்ன புடவை கட்டி வந்திருக்கிறாள் என்பது முக்கியம். சிரிக்காதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன்.

கிண்ண விஷயத்தில் எனக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை, அது உங்கள் சபையின் முறைமை. ஒரு தகவல் மட்டும். தனிக் கிண்ணம் கொரோனா கண்டுபிடித்தது இல்லை. நோய் கிருமியால் பரவுகிறது என்பது மக்கள் காதுக்கு எட்டி எல்லோரும் பயந்துகொண்டிருந்த 1890-களிலேயே அமெரிக்கச் சபைகளில் அது வந்துவிட்டது. அன்றும் இதே சண்டைதான்: ஒரே பாத்திரம் என்பதுதானே ஒருமை என்று ஒரு கட்சி, எச்சில் எச்சில்தான் என்று இன்னொரு கட்சி. நூற்றுமுப்பது வருடமாக இரண்டு கட்சியும் உயிரோடு இருக்கின்றன. இந்தக் கமிட்டிக் கூட்டத்தில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சிலர் இறந்துவிட்டார்கள், அதை விடுங்கள்’ என்று அரை வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர்களை எப்படி அடக்கம் செய்தீர்கள்?

என் பெரியம்மாவின் அடக்கத்தை நான் போனில்தான் பார்த்தேன். ஒரு தம்பி பிடித்துக்கொண்டு நின்றான். போதகர் முகக்கவசத்துக்குள் ஜெபித்தது ஒரு வார்த்தை புரியவில்லை. பாதியில் அவன் கை தளர்ந்து போன் கீழே இறங்கிவிட்டது, அதற்கப்புறம் திரையில் தெரிந்தது அவன் செருப்பும் ஈர மண்ணும் மட்டும். மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சிக்னல் போய்விட்டது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன், மத்தியானம் ஆபீஸ் வேலையைப் பார்த்தேன். இத்தனை வருடமாகியும் எங்கள் குடும்பத்தில் அந்த நாளைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பெரியம்மா எழுபது வருடம் போன ஆலயத்துக்கு அவள் பிள்ளைகள் இன்று போவதில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்கள். எனக்கென்னவோ, அம்மாவைக் கொண்டுபோய் வைக்காத பீடத்தின் முன்னால் போய் நிற்க அவர்களால் முடியவில்லை என்றே தோன்றுகிறது. உங்கள் எழுபது பேரில் இப்படி எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிக்கட்டோடு பிளேக் வந்தது. அடுத்த வருடம் நோய் சுற்று ஊர்களுக்குப் பரவாமல் இருக்க யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. அதற்கு முன்னின்றவர் வில்லியம் மாம்பெசன் என்ற இளம் போதகர். அவருக்கு முன்பு அங்கே இருந்து பதவி பறிக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்துகொண்டார். ஆகாதவர்கள் இருவரும் ஒன்றாக நின்றதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். ஆலயத்தைப் பூட்டிவிட்டு ஒரு பள்ளத்தில், திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று ஆராதனை நடத்தினார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல் அவரவர் செத்தவர்களை அவரவர் நிலத்திலேயே புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்திருக்கிறார். போதகரின் மனைவி கேத்தரினும் போய்விட்டார். மொத்தம் சுமார் 260 பேர். இன்றும் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு அந்த ஊர் அதே பள்ளத்துக்கு நடந்துபோய் ஆராதனை நடத்துகிறது.

உங்கள் சபை மரணப் பதிவேட்டை எடுங்கள். 2020, 2021 இரண்டு வருடப் பக்கம் போதும். கொரோனாவில் செத்தவர்கள் மட்டும் என்று பிரிக்காதீர்கள். அந்த இரண்டு வருடத்தில் வயதாகிச் செத்தவரும் ஊர் கூடாமல்தான் போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு ஒரு நாள் வையுங்கள். பெயரைப் படிக்கிறவர் அந்தந்த வீட்டு ஆளாக இருக்கட்டும், போதகர் வேண்டாம். பாட்டு பென் டிரைவில் வேண்டாம். குரல் கரகரத்துப்போய்ச் சுதி சேரவில்லை என்றாலும் பரவாயில்லை, பழைய பாடகர் குழு பாடட்டும். கூட்டம் வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

சென்ற வருடம் நண்பரோடு ஒரு கிராமத்து ஆலயத்துக்குப் போயிருந்தேன். ஒன்று விட்டு ஒரு பெஞ்சில் அப்போது சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். டேப்பை உரித்துவிட்டார்கள், பசை மட்டும் அழுக்கேறிக் கறுப்பாக அதே குறியாக நிற்கிறது. இடம் நிறையவே இருந்தது, ஆனாலும் குறி இருந்த பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அரைமணி நேர வேலை. உங்கள் ஆலயத்திலும் இருக்கும், பாருங்கள். நீங்களே துடைத்துவிடாதீர்கள், வராத வீட்டுப் பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டு அதைக் கொடுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பூவுக்கு முன்னால் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் யார்? உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருவேளை அவரும் அந்தப் பதிவேட்டில் இருக்கலாம். உயிரோடு இருந்தால் இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போய், பிளாஸ்டிக் பூ வெளுத்துப்போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பூ வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.