முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ளலாமா? மூத்த வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அறுபதைக் கடந்தவர்கள் எழுதியவை. சிலவற்றை அவர்களுடைய பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். நேரில் பரிசோதிக்காமல் யாருக்கும் ‘செய்துகொள்ளுங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ எழுதிவிட முடியாது என்பதால், முடிவெடுக்கும் முன் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையே கூறியிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. குடியாத்தத்தில் பல ஆண்டுகள் தரையில் அமர்ந்து பீடி சுற்றியவர். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், தேய்மானம் நான்காம் நிலையில் இருப்பதால் உடனே முட்டியை மாற்ற வேண்டும் என்கிறார். அம்மாவோ கடைத்தெருவுக்கு நடந்து போய் வருகிறார். தள்ளிப்போட்டால் ஆபத்தா?

பதில்: உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. மூட்டு மாற்று என்பது வசதியான நாள் பார்த்துச் செய்துகொள்ளும் சிகிச்சை. ‘உடனே’ என்ற சொல்லுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி எக்ஸ்ரேயில் எவ்வளவு குறைந்து தெரிகிறது என்பதைக் கொண்டு தேய்மானத்தை நிலைகளாகப் பிரிக்கும் முறை 1957இல் வந்தது. எலும்பு மருத்துவர்களாகிய நாங்கள் இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் தேய்மானம் மிகக் கடுமையான நான்காம் நிலைப் படத்தை வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போகிறவர்களும் உண்டு. இரண்டாம் நிலைப் படத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காமல் தவிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினருக்கு இடுப்பு மூட்டிலோ முதுகுத்தண்டிலோ உள்ள கோளாறு முட்டி வலியாக வெளிப்படுகிறதா என்று பார்க்காமல் முட்டியில் கை வைப்பது பெரும் தவறாகும்.

அம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. வலியால் இரவில் விழித்துக்கொள்கிறாரா? நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார்? வாரத்திற்கு எத்தனை வலி மாத்திரை விழுங்குகிறார்? கல்யாணம், காது குத்து என்று அழைப்பு வந்தால் போகிறாரா, அல்லது படியேற வேண்டுமே என்று ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறாரா? கடைசிக் கேள்விக்கான விடை பல நேரங்களில் எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகப் பேசும்.

அதே வேளையில், காலவரையின்றித் தள்ளிப்போடுவதிலும் இழப்பு உண்டு. கால் நாளுக்கு நாள் வில்லாக வளைந்து வந்தாலோ, படுத்த நிலையில் முழங்காலை முழுமையாக நீட்ட முடியாமல் போனாலோ, தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தாலோ, பின்னாளில் அறுவை கடினமாவதோடு அதன் பலனும் குறையும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கி, முட்டியைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்க்கிறோம்.

கேள்வி: அறுவை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வேறு எதுதான் உண்மையில் பலன் தரும்? (வாலாஜாபேட்டை, 62 வயது)

பதில்: தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். சொல்வதற்கு எளிது என்பதாலேயே இவற்றை யாரும் மதிப்பதில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. பயிற்சிக்குக் கருவி எதுவும் தேவையில்லை: காலை நீட்டிப் படுத்து, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்துப் பின் தளர்த்துங்கள், காலையும் மாலையும் ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும். இதைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்த பிறகே ‘பயிற்சியால் பலனில்லை’ என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு. கைத்தடியை வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே ஊன்றி நடக்கிறார்கள். நடைப்பயிற்சிக்குச் சமதளமான இடமும் வெயில் ஏறாத வேளையும் ஏற்றவை.

கேள்வி: முட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கூறி ஜெல் ஊசி போடச் சொல்கிறார்கள். சிலர் நம் இரத்தத்தையே எடுத்துப் போடும் பிஆர்பி ஊசியைச் சொல்கிறார்கள். போட்டால் அறுவையைத் தவிர்க்கலாமா?

பதில்: வற்றிய கிணற்றில் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஊற்று பிறந்துவிட்டது என்று யாரும் நம்புவதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை ஜெல் ஊசி மீண்டும் வளர்ப்பதில்லை. அதை வழக்கமாகப் போட வேண்டாம் என்றே பிரிட்டன், அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பிஆர்பி ஊசியை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டு முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஸ்டீராய்டு ஊசி வீக்கமும் வலியும் மிகுந்த வேளையில் சில வாரங்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் அதைப் போட்ட மூன்று மாதங்களுக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதால், ஊசி போட்ட தேதியை அறுவை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, மேல்விஷாரம். மாற்றிய பிறகு தரையில் அமர்ந்து சாப்பிடவும், மண்டியிட்டுத் தொழவும் முடியுமா?

பதில்: அறுவைக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. மூட்டு மாற்றிய முழங்கால் பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நாற்காலியில் அமர்ந்து எழவும் படியேறி இறங்கவும் அது தாராளமாகப் போதும். குந்தி உட்காரவும், தொழுகையில் காலை முழுமையாக மடக்கி அமரவும் அதைவிட அதிகமாக மடங்க வேண்டும். சிலருக்கு அந்த அளவு மடங்கும்; ஆனால் அன்றாடம் அப்படி அமர்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்தே பின்னரும் மடங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ‘ஹை ஃபிளெக்ஸ்’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் மூட்டைப் பொருத்தினால் சம்மணமிடலாம் என்று யாரேனும் உறுதி கூறினால், நம்பிவிட வேண்டாம்.

நாற்காலியில் அமர்ந்து தொழுவோருக்குப் பள்ளிவாசல்களில் இடம் இருப்பதை நீங்களே அறிவீர்கள். மார்க்கம் சார்ந்த ஐயம் இருப்பின் இமாமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொண்டால், அறுவைக்குப் பின் மனம் சஞ்சலப்படாது. வீட்டுக் கழிவறையை வெஸ்டர்ன் டாய்லெட்டாக மாற்றி, பிடித்து எழச் சுவரில் கம்பி ஒன்றைப் பொருத்தும் வேலையை மருத்துவமனைக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள். அறுவை முடிந்து வாக்கரோடு வீடு திரும்பிய பிறகு கொத்தனாரைத் தேடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன!

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது, சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். இந்த வயதில் தேவையா?

பதில்: வயது மட்டும் தடையாகாது, உடல்நிலை தடையாகலாம். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாவது, மாரடைப்பிற்காக வைத்திருந்தால் ஓராண்டாவது கடந்திருப்பது நல்லது; இரத்தம் உறையாமல் இருக்க அவர் எடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர்தான் கூற வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சொத்தைப் பல்லையும் காலில் ஆறாத புண்ணையும் முன்னதாகவே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் அங்குள்ள கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டைச் சென்றடையக் கூடும். செயற்கை மூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் உழைக்கின்றன என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே அப்பாவின் வயதில் மறு அறுவை பற்றிய கவலை குறைவு. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எதிர்பார்த்த நிறைவை அடைவதில்லை என்பதையும் அவரிடம் கூறிவிட்டு, முடிவை அவரே எடுக்கும்படி விடுங்கள்.

கேள்வி: இரண்டு காலையும் ஒரே முறையில் செய்தால் செலவு மிச்சமாகுமா?

பதில்: ஓரளவு மிச்சமாகும், ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும், இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பும் கூடும். எழுபதைக் கடந்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும், ஒரு கால் முடிந்து மூன்று மாதம் கழித்து அடுத்ததைச் செய்வதையே நான் விரும்புவேன். முதல் கால் தேறியதும் மற்றதைத் தள்ளிப்போட முடிந்தவர்களும் உண்டு. செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது, சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. பில்லில் மூட்டின் விலை, நிறுவனப் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிடக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: புத்தூர் கட்டு போட்டால் தேய்மானம் சரியாகுமா?

பதில்: ஆகாது. கட்டு என்பது முறிந்த எலும்பை அசையாமல் வைப்பதற்கானது. தேய்ந்த மூட்டை வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைத்தால் மூட்டு இறுகித் தசை மெலியும்.

கேள்வி: அறுவை செய்து மூன்று மாதம் ஆகியும் முட்டி சூடாக, சற்று வீங்கியே இருக்கிறது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது. இதைப் பார்த்து என் மனைவி தன் அறுவையை வேண்டாம் என்கிறார். (ஆற்காடு)

பதில்: நடந்த பின் கூடி, ஓய்வெடுத்தால் குறையும் இளஞ்சூடும் வீக்கமும் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம். மரத்த உணர்வு தோல் நரம்பு அறுபட்டதால் வருவது. அதன் பரப்பு காலப்போக்கில் சுருங்கும். இவற்றைக் கண்டு உங்கள் மனைவி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல், தழும்பில் நீர்க் கசிவு, ஓய்விலும் தணியாமல் நாளுக்கு நாள் ஏறும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காமல், அறுவை செய்த மருத்துவரிடமே அன்றைக்கே செல்லுங்கள். மாத்திரை தொற்றை மறைத்துவிட்டால், உள்ளே இருக்கும் கிருமி எது என்று கண்டறிவதே எங்களுக்குக் கடினமாகிவிடும்.