காணி முழுவதையும் உயர்த்த வேண்டுமா?

கேள்வி: கிளிநொச்சி, கண்டாவளைப் பக்கம் எங்களுக்குக் கால் ஏக்கர் காணி. 2018 மார்கழி வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இப்போது 30க்கு 35 அடியில் கல்வீடு கட்டப் பார்க்கிறோம். மண் ஏற்றித் தருகிற ஒருவர், காணி முழுவதையும் நான்கடி உயர்த்த 150 லோட் கிரவல் (சரளை மண்) வேண்டும், போட்ட கையோடு அத்திவாரம் வெட்டலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயாராக நிற்கிறார். மேசனோ, பின்வளவில் பெரிய பள்ளமாகத் தோண்டி அந்த மண்ணையே போடலாம், மாரி வெள்ளமும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். தம்பிக்கு இன்றிரவே அழைத்து, காசு இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

உயர வேண்டியது உங்கள் வீட்டுத் தரை. காணி அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் ஊர்களில் பாதிச் சனம் டிப்பருக்குக் காசைக் கொட்டுகிறது. சுவரும் கூரையும் பழைய, இயற்கையான மண்ணில் நிற்க வேண்டும். நாம் கொண்டுவந்து கொட்டுகிற மண்ணுக்கு வேலை, தரையைத் தாங்குவது மட்டும். ஆகவே முதலில் இருக்கிற நிலத்திலேயே அத்திவாரக் கான் வெட்டுங்கள். வேரும் இளக்கமும் உள்ள மேல்மண்ணைத் தாண்டி, அலவாங்கைக் குத்தினால் "ணங்" என்று கை அதிர்கிற மண் வரும்வரை இறங்க வேண்டும். அங்கிருந்து கல்லுக்கட்டை எழுப்பி, வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேல் ஒரு அடியாவது வரக் கொண்டுவாருங்கள். முழங்கால் என்றால் ஒன்றரை அடி, அதோடு ஒரு அடி. இரண்டரை அடி போதும். அதன்மேல் சுற்றிவர பெல்ட் கொங்கிறீற், அதாவது கம்பி வைத்த கொங்கிறீற் வரி, ஓடட்டும். அப்புறம் அந்தக் கல்லுக்கட்டுப் பெட்டிக்குள்ளே மண்ணைப் போட்டு இறுக்குங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. 30ஐ 35ஆல் பெருக்கி, அதை இரண்டரையால் பெருக்கினால் 2,625 கன அடி. அதாவது 26 கியூப். சுற்றிவர மூன்றடி அகலத்துக்கு மேடும், மழைநீர் வழிந்தோட ஓரச் சரிவும் வைத்தால் இன்னுமொரு 18. ஆக 44 கியூப். இது இறுகிய மண்ணின் கணக்கு. டிப்பரில் வருவது பொருபொருத்த மண், ஆகவே நாலில் ஒரு பங்கு கூட்டி 55 என்று வையுங்கள். உண்மையான மூன்று கியூப் டிப்பர் என்றால் 18, 19 லோட். அவர் கேட்டது 150.

அந்த 150ஐயும் விடுவானேன். கால் ஏக்கர் என்றால் 10,890 சதுர அடி. 150 லோட்டும் மூன்று கியூப்பாகவே வந்தாலும் 450 கியூப். இறுகினால் 360 கியூப். காணியில் பரப்பினால் மூன்றேகால் அடி சொச்சம்தான் உயரும். நான்கடி எங்கே?

வருகிற டிப்பர் மூன்று கியூப்பாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. பெட்டியை நீங்களே அளவுநாடாவால் அளவுங்கள். உள்நீளம் பத்தடி, அகலம் ஏழடி, பக்கப்பலகை மூன்றடி என்றால் 210 கன அடி, இரண்டே இரண்டு கியூப்பும் கொஞ்சமும். அதை "மூன்று கியூப் வாகனம்" என்று சத்தியம் பண்ணுவார்கள். மேலே கும்பமாகக் கட்டிவந்தால் பெரிதாகத் தெரியும், அடியில் மண் ஒட்டிக் காய்ந்து அரை அடி போயிருக்கும். மேல்ப்பக்கம் அசல் கிரவல், கீழே குளத்துச் சேறு என்று வருகிற லோட்டும் உண்டு. கொட்டும்போது ஒருவர் நின்று பார்க்காவிட்டால் அது மேசன் பரப்பும்போதுதான் தெரியும், அதற்குள் சாரதி அடுத்த லோட்டுக்குப் போயிருப்பார். நான் வேலையில் இருந்த காலத்திலேயே என் சொந்த அக்காவின் வளவுக்கு 22 லோட் வந்ததாகக் காசு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் விளையாட்டாக மதிலில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தான்: பதினேழு கோடு. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அக்கா வீட்டிலேயே இந்தக் கூத்து.

ஆகையால் லோட் கணக்கில் விலை பேச வேண்டாம். நாலு மூலையிலும் கட்டை அடித்து, நூல் இழுத்து, "இந்த நூல் மட்டம்வரை இறுக்கித் தந்தால் இவ்வளவு" என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

இறுக்குவது எப்படி? மேல்மண்ணை அரை அடி வழித்து, அடிக்கட்டை, வேர், புற்று எல்லாம் எடுத்துவிட்டு ஆறு அங்குலத்துக்கு ஒரு படை போடுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கை நனையக் கூடாது, அதுதான் பதம். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள், சேறாக இருந்தால் ஒருநாள் ஆறவிடுங்கள். இடிக்கிற மெசினால் இடித்து, குதிக்கால் பதியாத அளவு வந்த பிறகுதான் அடுத்த படை. மொத்தமாகக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கட்டி "இறுகிவிட்டது" என்பது மணலுக்குச் சரிவரும். கிரவலுக்கும் களிக்கும் சரிவராது. மேல் இறுகும், உள்ளே பொக்கு. முதல் மாரியில் தரை இறங்கி, தரையோடு ரைல்சும் வெடிக்கும். பச்சைச் சுவரோடு ஒட்டி றோலர் ஓட்ட வேண்டாம், சுவர் பிதுங்கும்.

கண்டாவளையில் உங்களுக்கு வந்தது கனகராயன் ஆற்று வெள்ளமும் இரணைமடு வான்கதவு திறந்த தண்ணீரும். அந்தத் தண்ணீர் போகிற வழி ஒன்று இருக்கும். காணி முழுவதையும் மேடாக்கினால் அது அயலவர் வீட்டுக்குள் போகும், வழக்கும் சண்டையும் உங்கள் வீட்டுக்கு வரும். பழைய வாய்க்காலை அடைக்க வேண்டாம்.

இனி மேசனுடைய பள்ளம். காசு மிச்சம் என்பது பாதி உண்மை. வெள்ளம் இறங்கும் என்பது பொய், பாவம் அவருக்கும் தெரிந்திராது. உங்கள் பகுதியில் கார்த்திகை பிறந்தாலே நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். பள்ளம் வெள்ளத்துக்கு முதலே ததும்பி நிற்கும், நிறைந்த வாளிக்குள் எதை ஊற்றுவது? தோண்டிய மண்ணை முற்றத்துக்கும் வாழை நடவும் போடலாம். தரைக்கு அடியில் போடலாமா என்பது மண்ணைப் பொறுத்தது. போத்தலில் கால்வாசி மண், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே நின்றால் களி அதிகம், வீட்டுக்குள் வேண்டாம். தோண்டினால் ஓரம் சரிவாக இருக்கட்டும், பிள்ளைகள் இருந்தால் வேலி கட்டாயம்.

இவ்வளவும் செம்மண், கிரவல் கலந்த நிலத்துக்கு. ஒன்றுக்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியின் மற்றப் பக்கத்தில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் களி போனது இந்த முருங்கனில் இருந்துதான். நெல்லுக்குத் தங்கம், வீட்டுக்கு எமன். கோடையில் கை நுழைகிற வெடிப்பு, மாரியில் அதே மண் ஊதும். ஊதும்போது அத்திவாரத்தைத் தூக்கும், காயும்போது கைவிடும். ஒவ்வொரு வருடமும் இதே ஆட்டம். மூன்றாம் வருடம் யன்னல் மூலையில் சரிவாக வெடிப்பு ஓடும். மேலே பத்தடி கிரவல் போட்டாலும் கீழே உள்ளது திருந்தாது. அங்கே கோடை வெடிப்பு இறங்குகிற ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், சிலவேளை தூண் இறக்கிப் பீம் கட்ட வேண்டும். வீட்டோடு ஒட்டி மரமும் வேண்டாம், குளியலறைத் தண்ணீர் தேங்கவும் வேண்டாம். வெள்ளாமை வெட்டியபின் உங்கள் வளவில் வெடிப்பு விழுகிறதா? விழுந்தால் என் கணக்கை மறந்துவிட்டு ஒரு பொறியியலாளரைக் கூட்டிவாருங்கள். மேசன் போதாது.

கிரவலுக்குப் பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி, அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி தேவை. சாரதியிடம் பெமிற்றை வாங்கி, அதிலுள்ள வாகன இலக்கமும் திகதியும் நிற்கிற வாகனத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே கடதாசியின் போட்டோப்பிரதியில் நாலு நாள் ஓடுகிறவர்கள் உண்டு. இரவு பன்னிரண்டுக்கு வருகிற லோட்டை வாங்கவே வேண்டாம். காணி உறுதியில் வயல் என்று இருந்தால் 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி எடுக்காமல் ஒரு சட்டி மண்ணும் போட முடியாது. கேட்டுப் போனால் கமநல நிலையத்தில் பிரதேச செயலகத்துக்குப் போ என்பார்கள், அங்கே கிராம சேவகரின் கடிதம் எங்கே என்பார்கள், அவர் கூட்டத்தில் இருப்பார். முறைப்படி பத்து லோட் போட நினைக்கிறவர் மாதக்கணக்கில் படியேற, முறையே இல்லாமல் நூறு லோட் போடுகிறவர் ஒரு கிழமையில் முடித்துவிடுகிறார். முப்பது வருடம் அதே மேசைகளுக்கு அந்தப் பக்கம், உத்தியோகத்தனாக இருந்தவன் சொல்கிறேன். ஆனாலும் கடிதத்தை எடுத்து வையுங்கள். பிடிபடுவது எப்போதும் சிறிய ஆள்தான்.

கடைசியாக, ஜேசிபி இறங்குமுன் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். வெடி அகற்றியது மேல்மண்ணில் மட்டும், ஜேசிபி போவது அதைவிட ஆழம். கிரவல் வந்த காடு எதுவென்றும் தெரியாது, ஆகவே கொட்டுகிற மண்ணிலும் கண் இருக்கட்டும். உருளையாக, துருப்பிடித்து, பச்சைப் பூச்சோடு எது தென்பட்டாலும் மெசினை நிறுத்தி, தொடாமல், எல்லோரும் விலகி பொலிசின் 119க்கு அழையுங்கள். "இரும்புதானே" என்று சாரதி இறங்கிப் பார்க்க விடாதீர்கள்.

வேலையைப் பங்குனியில் தொடங்குங்கள். தம்பியின் காசு மூன்று தரமாக வரட்டும்: கல்லுக்கட்டும் பெல்டும் முடிந்தபின் ஒன்று, மண் நூல் மட்டத்தைத் தொட்டபின் ஒன்று, தரை முடிந்தபின் ஒன்று. அதற்கிடையில் இந்த மாரியில் தண்ணீர் எதுவரை ஏறுகிறதென்று உங்கள் வளவுப் பனையில் பெயின்றால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் சொன்ன ஒன்றரை அடியைவிட அந்தக் கோடு உயரமாக இருந்தால் கோட்டைத்தான் நம்ப வேண்டும்.