வீட்டை விட்டு ஒரே ஒரு பொருளோடு வெளியேற வேண்டுமென்றால் எதை எடுப்பீர்கள்? (இன்னும் சில சொந்தக் கேள்விகளும்)

கேட்டவர் ஒரே மூச்சில் ஆறு கேள்வி கேட்டிருக்கிறார்: பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, பிடித்த மணம், பிடித்த பாட்டு, மறக்க முடியாத நாள், கடைசியாக மேலே உள்ள கேள்வி. பொழுதுபோகக் கேட்டதுதான். நானும் அப்படியே தொடங்குகிறேன். பிறந்தது 1984இல், யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். நடுவில் ஓர் ஆறு மாதத்தைக் கழித்துவிட்டால் இன்றுவரை அதே வளவு, அதே கிணறு.

நிறத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சேட்டு வாங்கப் போனால் மனைவி எடுத்துத் தருவதுதான் நிறம்.

சாப்பாடு என்றால் புட்டு. குழல் புட்டு இல்லை, நீத்துப்பெட்டிப் புட்டு. நீத்துப்பெட்டி தெரியாதவர்களுக்கு: பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி, பானை வாயில் அமர்ந்திருக்கும். அம்மா வறுத்த சிவப்பரிசி மாவுக்குக் கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிண்டி, பிறகு பழைய பால்மாப் பேணி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்துவார். டக்கு டக்கென்று குசினிக்குள் இருந்து அந்தச் சத்தம் கேட்டால் பின்னேரம் ஆறு மணி என்று அர்த்தம். கட்டி உடைந்து குறுணி குறுணியாக வந்ததும் தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பெட்டியில் போடுவார். அவிந்தபின் கவிழ்த்தால் சின்னக் கோபுரம் மாதிரி நிற்கும். அதை உடைத்து ஒரு பக்கம் மீன்குழம்பு, மறுபக்கம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டு, இரண்டும் ஒரே கோப்பையில். (இந்திய நண்பர்களுக்கு: எங்கள் கோப்பை உங்கள் தட்டு.) மீனும் மாம்பழமுமா என்று முகம் சுளிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்குத்தான் ஒரு துண்டு கூட.

அலுமினியப் பாத்திரத்தில் அவித்தால் அதே மா, அதே கை, ஆனால் புட்டு வேறு. உலோகம் வியர்த்து அடிப்புட்டு களியாகிவிடும். ஓலை அந்த ஈரத்தைத் தானே குடித்துவிட்டுத் தன் மணத்தைக் கொஞ்சம் கொடுக்கும்.

பிடித்த மணமும் அதுதான் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை வேறு: மண்ணெண்ணெய். 1990இல் போரால் எங்களுக்குக் கரண்ட் நின்றது, எனக்கு ஆறு வயது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் நாலு பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டு படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இன்றும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது, பன்னிரண்டாம் வாய்ப்பாடு குறிப்பாக.

பாட்டுக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பற்றரி இல்லாத காலத்தில் பாட்டு சைக்கிளில் இருந்துதான் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் கரண்ட் வரும், அதில் கசற் பாடும். மாமா கதிரை போட்டுச் சாய்ந்திருப்பார், சுற்றுவது என் வேலை. டைனமோ சில்லில் உரசும் கிர்ர் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பாட்டு எனக்கு அரைவாசிதான் கேட்டிருக்கும். கை உளைந்து வேகம் குறைந்தால் பாடுபவர் குரல் நித்திரை தூங்குவதுபோல் இழுபடும். “சுத்தடா!” என்று மாமா கத்துவார், பாடகர் திடுக்கிட்டு எழும்புவார். பிறகு கரண்ட் வந்து அதே பாட்டுகளை ஒழுங்காகக் கேட்டபோது, யாரோ பஸ்ஸுக்கு அவசரப்பட்டுப் பாடுவதுபோல் இருந்தது. எனக்குப் பிடித்த வடிவம் அந்த இழுபட்ட வடிவம்தான், அது எந்தக் கசற்றிலும் கிடைக்காது. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்கும்போது மட்டும் மாமாவே சுற்றுவார். செய்தி விஷயத்தில் என் கையை அவர் நம்பவில்லை.

மறக்க முடியாத நாள் என்றதும் எங்கள் ஆட்களிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரே நாளைத்தான். அதைக் கடைசிக் கேள்விக்கு வைத்துக்கொண்டு, இங்கே 2015 ஜனவரியைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரெயில் 1990இல் நின்றது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின, பாதையில் மாடு மேய்ந்தது. 2014 ஒக்ரோபரில் ரெயில் யாழ்ப்பாணம் வரை வந்து, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கு நீண்டபோதுதான் எங்கள் ஊரைக் கடந்தது. கடவையடியில் அம்மாவோடு நின்றேன். ரெயில் போய் முடிந்தபின், “கோச்சி முந்தி இவ்வளவு கெதியாப் போறேல்லை” என்றார் அம்மா. ஏதோ குறை கண்டுபிடித்த திருப்தி. அவ்வளவுதான் அந்த நாள்.

இனி அந்த ஒற்றைப் பொருள். இதை என் மகளிடமும் கேட்டுப் பார்த்தேன். யோசிக்காமல் “போன்” என்றாள். “சார்ஜரை ஆர் எடுக்கிறது?” என்று அவளுடைய அப்பம்மா, அதாவது என் அம்மா, கேட்டார். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதி முடித்துவிட்டோம், 1995 ஒக்ரோபர் 30இல். இராணுவம் நெருங்க, வலிகாமத்தை (எங்கள் ஊர் இருக்கும் யாழ்ப்பாணப் பகுதி) விட்டு எல்லோரையும் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்த பின்னேரம். அப்பா காணி உறுதியை (நிலப் பத்திரம்) சொப்பிங் பைக்குள் சுற்றிச் சேட்டுக்குள் செருகினார். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, பாரில் அரிசிப் பையைக் கட்டியாயிற்று. நான் கணக்குக் கொப்பியை எடுத்தேன், ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அம்மா நீத்துப்பெட்டியோடு வெளியே வந்தார்.

“உதென்ன கையிலை? உமக்கு விசரே?” என்றார் அப்பா.

அம்மா பதில் சொல்லாமல் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மழை தொடங்கியிருந்தது, ஓலைத் தொப்பி மாதிரி இருந்தது. செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க விடியும்வரை எடுத்தது. நடக்கவில்லை, நின்றோம், முன்னால் ஆள் அசைந்தால் நாங்களும் ஓர் அடி வைத்தோம். பாலத்தடியில், அந்தச் சனத்துக்கு நடுவில், அம்மா அப்பாவைக் கேட்டார்: “இஞ்சாருங்கோ, குசினிக் கதவு பூட்டினனீங்களோ?”

“பூட்டினனான்.”

“இழுத்துப் பாத்தனீங்களோ?”

அப்பா பதில் சொல்லவில்லை. மீசாலையில் சொந்தக்காரர் வீட்டில் நாலு குடும்பம், 18 பேர், ஒரு கிணறு. சமைப்பதற்கு அந்த வீட்டில் பானை இருந்தது, அவிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஆறு மாதம் 18 பேருக்கும் புட்டு அவிந்தது அம்மாவின் நீத்துப்பெட்டியில்தான். அடி பிய்ந்தபோது அம்மம்மா வேறு ஓலை வார்ந்து பொத்தினார். ஆக என் பதில் நீத்துப்பெட்டி. உறுதியைத் திரும்ப எடுக்கலாம், அலைந்தாவது எடுக்கலாம். பசி ஆறு மணிக்கு வந்துவிடும்.

1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். வளவு முழுக்கப் புல், கூரையில் பாதி ஓடு இல்லை. முன்கதவை நிலையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், சுவரில் கதவளவு வெளிச்சம். நாங்கள் அதற்குள்ளால் உள்ளே போனோம். அப்பா நேரே பின்பக்கம் போய், சேட்டுப்பையில் இருந்து திறப்பை எடுக்காமலே குசினிக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“பூட்டினனான் எண்டு உமக்கு அண்டைக்கே சொன்னனான் தானே” என்றார்.